சனிக்கிழமை சம்பளமும் 45 நாள் சட்டமும்

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். 14 தையல் மிஷின் போட்டு ஜாப் ஒர்க், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துத் தரும் வேலை, செய்யும் அண்ணன் ஒருவர் அப்படியொரு சனிக்கிழமை மதியம் என்னிடம் வந்தார். நான் சின்ன யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். அவர் கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் பில்லும் டி.சி.யும் (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) கலந்து கிடந்தன. வேலை கொடுத்த ஒரே பார்ட்டியிடமிருந்து 5 லட்சம் ரூபாய் வரவேண்டும். அதில் பாதி எட்டு மாதப் பழசு. சாயங்காலம் சம்பளம் போட அவர் தன் மனைவியின் நகையை அடகு வைத்துவிட்டு வந்திருந்தார்.

"தம்பி, வக்கீல் நோட்டீஸ் விட்டா காசு வருமா, இல்ல அடுத்த ஆர்டரும் போயிருமா?"

சிறுதொழில் செய்பவர்கள் என்னிடம் கேட்கும் சட்டக் கேள்விகளில் முதலில் நிற்பது இதுதான். சட்டம் பெரிய கம்பெனிக்காரர்களுக்கு என்று நினைத்து ஒதுங்கிக்கொள்கிறார்கள். உண்மையில் இந்த விஷயத்தில் சட்டம் சின்னவர்கள் பக்கம் நன்றாகவே சாய்ந்து நிற்கிறது. ஆனால் அது ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதியும் ஒரு காகிதமும் கேட்கிறது. அந்தத் தேதி தாண்டிய பிறகு, அந்தக் காகிதம் இல்லாமல் வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனது தாங்குவதில்லை.

2006-ல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-வது பிரிவு இதைப் பற்றியது. குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சரக்கோ வேலையோ வாங்கியவர், பேசிக்கொண்ட தேதிக்குள் பணம் தரவேண்டும். அந்தத் தேதியும் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் பேசிக்கொள்ளவில்லை என்றால் கெடு 15 நாள்தான். பார்ட்டி தன் பர்ச்சேஸ் ஆர்டரில் 90 நாள், 120 நாள் என்று அச்சடித்து வைத்திருந்தாலும், அதில் நாம் கையெழுத்தே போட்டிருந்தாலும், 45 நாளுக்கு மேலே உள்ளது செல்லாது.

தாமதமானால் வட்டி உண்டு. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதா மாதம் கூட்டுவட்டி. வங்கி விகிதம் 5.5 சதவீதம் என்று வைத்தால் மூன்று மடங்கு 16.5. அண்ணனுக்கு வரவேண்டிய 5 லட்சம் ஒரு வருடம் தாமதமானால் வட்டி மட்டும் சுமார் 89 ஆயிரம். ஒப்பந்தத்தில் வட்டி கிடையாது என்று எழுதியிருந்தாலும் இது பொருந்தும்.

சரி, யார் இந்தச் சட்டத்தைக் கேட்கலாம்? உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு நிறுவனங்கள். 2025 ஏப்ரல் முதல் உள்ள வரம்புப்படி, இயந்திர முதலீடு இரண்டரைக் கோடிக்குள்ளும் விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறு. முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை சிறு. நம் ஊர்ப் பட்டறைகள் பெரும்பாலும் முதல் வகையிலேயே அடங்கிவிடும். நடுத்தர நிறுவனங்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு 2021 முதல் உத்யம் பதிவு தருகிறார்கள், ஆனால் அது வங்கிக் கடனில் முன்னுரிமை கிடைப்பதற்காக மட்டும். 45 நாள் சட்டம் அவர்களுக்கு வராது. மொத்த வியாபாரம் செய்யும் பலர் இது தெரியாமல் மனு எழுதக் கிளம்புகிறார்கள்.

உத்யம் பதிவுக்கு அரசு ஒரு பைசா வாங்குவதில்லை. ஆதார், பான் இருந்தால் வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். எப்போது பதிவு செய்தோம் என்பதுதான் கவனிக்க வேண்டியது. சரக்கு அனுப்பி, பணம் வராமல் போன பிறகு பதிவு செய்தால் பழைய பாக்கிக்கு அது உதவாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு அதற்கு மாறான கருத்தைச் சொல்லி, கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. வழக்கறிஞர்கள் இதைப் பற்றி நாள் முழுக்க வாதாடலாம். பட்டறைக்காரர் அந்த வாதத்துக்குள் போகவே வேண்டாம். தொழில் தொடங்கிய வாரமே பதிவு செய்து, அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடித்துவிடலாம்.

அண்ணனிடம் 2022-லேயே பதிவு இருந்தது. பில்லில் அந்த எண் இல்லை. அதையாவது சமாளித்துவிடலாம். டி.சி.க்களை எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்குக் கவலை வந்தது.

டி.சி. என்பது மூன்று தாள். வெள்ளை பார்ட்டிக்கு, மஞ்சளும் ரோஸும் நமக்கு. டெம்போ கேட்டுக்குப் போனதும் வாட்ச்மேன் இன்வார்டு சீல் குத்தி ஒரு கிறுக்கல் போடுவார். அண்ணன் வைத்திருந்த 31 டி.சி.யில் 9-ல் சீலே இல்லை. மற்றதில் சீல் இருந்தது, தேதி எழுதும் இடம் காலி. சிலவற்றில் சீலுக்குக் கீழே சின்ன எழுத்தில் சோதனைக்கு உட்பட்டது என்றும் இருந்தது. 45 நாள் எந்த நாளிலிருந்து ஓட ஆரம்பிக்கிறது என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல அந்தக் காலி இடம்தான் இருந்தது.

அந்தத் தேதிக்கு இன்னொரு வேலையும் உண்டு. நம் ஊரில் பணத்தை இழுத்தடிக்கும் வழக்கமான கருவி டெபிட் நோட், அதாவது குறை சொல்லி நம் பில்லில் தொகையைக் கழிக்கும் சீட்டு. சரக்கு போய் நாலு மாதம் ஆன பிறகு, பேமெண்ட் கேட்கும்போதுதான் தையல் சரியில்லை, அளவு மாறிவிட்டது, அவர்களிடம் வாங்கும் பையர் கழித்துவிட்டான் என்று 80 ஆயிரத்துக்கு ஒரு டெபிட் நோட் வரும். சட்டம் இதற்கும் வழி வைத்திருக்கிறது. சரக்கு கைக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால், சரக்கு வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு. அதன் பிறகு வருகிற குறைப் பட்டியலுக்கு வலு குறைவு. ஆனால் சரக்கு எந்த நாளில் கைக்குப் போனது என்று காட்டும் பொறுப்பு நம்மிடம் இருக்கிறது. வாட்ச்மேன் எழுதாத தேதிக்கு 80 ஆயிரம் ரூபாய் விலை.

டி.சி. சரியாக இல்லாதவர்களுக்கு வேறு காகிதம் உதவும். இ-வே பில், பார்ட்டியின் ஜி.எஸ்.டி. கணக்கில் நம் பில் ஏறியிருப்பது, வாட்ஸ்அப்பில் ஆர்டரைக் கவனிக்கும் அவர்களுடைய மெர்ச்சண்டைசர் போட்ட "ரிசீவ்டு" என்ற ஒற்றைச் சொல். எல்லாமே சான்றுதான். போன் மாற்றும்போது அந்த அரட்டைகளை அழித்துவிடாதீர்கள்.

பணம் வரவில்லை என்றால் மனு போடும் இடம், இந்தப் பாக்கி விவகாரங்களை விசாரிக்க மாநில அரசு அமைத்துள்ள ஃபெசிலிடேஷன் கவுன்சில். சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று தமிழ்நாட்டில் வட்டாரவாரியாக இருக்கிறது. இணையத்திலேயே மனு போடலாம். மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேட்டாலும் வழி சொல்வார்கள். வாங்கியவர் டெல்லியில் இருந்தாலும் நாம் நம் ஊர்க் கவுன்சிலிலேயே போடலாம். முதலில் சமரசம், அது முறிந்தால் நடுவர் தீர்ப்பு. 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அதைத் தாண்டிப் போவது சகஜம். ஆனாலும் நான் இந்த வழியைத்தான் முதலில் சொல்வேன். காரணம் 19-வது பிரிவு. தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்து, பார்ட்டி அதை எதிர்த்து நீதிமன்றம் போக நினைத்தால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முன்னதாகக் கட்டியாக வேண்டும். இழுத்தடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களை இந்த ஒரு வரி யோசிக்க வைக்கும்.

அடுத்த ஆர்டர் போய்விடுமா என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. போகலாம். அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் மனுவுக்கு முன்னால் செய்யக்கூடிய இரண்டு காரியங்களை எப்போதும் சொல்கிறேன். இரண்டுமே பார்ட்டியின் வரிக் கணக்கைத் தொடுபவை.

முதலாவது வருமான வரி. 2023-ம் ஆண்டு நிதிச் சட்டம் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் தராத பணத்தை, உண்மையில் கொடுக்கும் வருடத்தில்தான் செலவாகக் காட்டமுடியும். மார்ச் 31 அன்று கெடு தாண்டி நிலுவையில் நிற்கும் 5 லட்சம் அந்த வருட லாபத்தோடு சேர்ந்து வரிக்குள் வந்துவிடும். இது நடைமுறைக்கு வந்த முதல் மார்ச்சில் பழைய பாக்கிகள் மளமளவென்று தீர்ந்ததை நான் பார்த்தேன். உத்யம் இல்லாத சப்ளையராகத் தேடிப் போன பார்ட்டிகளையும் பார்த்தேன். இரண்டும் நடந்தன.

இரண்டாவது ஜி.எஸ்.டி. நம் பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு எடுத்துக்கொண்ட பார்ட்டி, பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தரவில்லை என்றால் அந்த வரவைத் திருப்பிக் கட்டவேண்டும், வட்டியோடு. பணமே வராத பில்லுக்கு நாம் கைக்காசு போட்டு வரி கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். அவர்கள் அந்த வரியைத் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில்தான் கோபம் அதிகம். ஆகவே ஒவ்வொரு பில்லின் 45-வது நாளையும் 180-வது நாளையும் எழுதி, உத்யம் எண்ணோடு ஒரு பாக்கிப் பட்டியலைப் பார்ட்டியின் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு மெயிலில் அனுப்புங்கள். மிரட்டல் தொனி வேண்டாம். முதலாளி கண்டுகொள்ளாவிட்டாலும் அவருடைய ஆடிட்டர் கண்டுகொள்வார்.

அந்தப் பட்டியலுக்கு அவர்கள் "பாக்கி சரி" என்று எழுத்தில் பதில் தந்தால் இன்னொரு லாபம். பாக்கிக்கு சிவில் வழக்கு போடும் காலக்கெடு மூன்று வருடம். அந்த மூன்று வருடம் முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அன்றிலிருந்து மறுபடி மூன்று வருடம் ஓட ஆரம்பிக்கும். மூன்று வருடம் முடிந்த மறுநாள் வாங்கும் ஒப்புதல் இதற்கு உதவாது.

செக் வாங்கியிருந்தால் அது தனிக் கதை. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு செக் பவுன்ஸைக் குற்றமாக்குகிறது. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். பலம் பெரிது, ஆனால் நாள் கணக்கு கறார். செக்கை அதன் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் போடவேண்டும். திரும்பிய செய்தி வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து எதிராளிக்கு 15 நாள். அதற்குள் தரவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார். "அடுத்த வாரம் தந்துர்றேங்க, மறுபடி போட வேண்டாம்" என்று போனில் கேட்டுக்கேட்டு அந்த 30 நாளைத் தொலைத்தவர்கள் நிறைய. மூன்று மாதம் முடியாமல் இருந்தால் அதே செக்கை மறுபடி போட்டுப் புதிதாக நாள் எண்ணலாம். அதுவும் முடிந்துவிட்டால் அந்த செக்கை வைத்து 138 போட முடியாது.

நோட்டீஸில் செக் தொகையை அப்படியே கேட்கவேண்டும். செக் ஒரு கோடி, நோட்டீஸில் தவறுதலாக இரண்டு கோடி என்று எழுதப்பட்ட ஒரு வழக்கில், தட்டச்சுப் பிழை என்ற விளக்கத்தை 2025-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. புகாரே நிற்கவில்லை. வட்டி, போக்குவரத்து, மற்ற பாக்கி எல்லாவற்றையும் ஒரே தொகையாகக் கூட்டிக் கேட்பதும் இதே ஆபத்தில்தான் கொண்டுபோய் விடும்.

இதே கத்தி நம் பக்கமும் திரும்பும். துணிக்கடைக்கோ ஃபைனான்ஸுக்கோ கையெழுத்து மட்டும் போட்ட வெற்று செக் கொடுத்து வைக்கும் பழக்கம் நம்மிடம் வெகுவாக இருக்கிறது. தொகையை யார் எழுதினாலும், கையெழுத்து நம்முடையது என்று ஒத்துக்கொண்டால், கடனுக்காகத்தான் கொடுத்தோம் என்று சட்டம் முதலில் ஊகிக்கும். இல்லை என்று காட்டும் பாரம் நம் தலையில். 2019-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. கொடுத்தே ஆகவேண்டிய நிலை என்றால், எதற்காக, எந்த எண் செக் என்று ஒரு கடிதம் எழுதி, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். கடன் தீர்ந்த அன்றே செக்கைத் திரும்ப வாங்குங்கள்.

பாக்கி விவகாரத்துக்கு அடுத்தபடியாகக் குடும்பங்களையே உடைக்கும் கேள்வி கூட்டுத்தொழில். மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து தொடங்குவார்கள். முத்திரைத்தாளில் கூட்டு ஒப்பந்தமாக ஒரு டீட் எழுதி, அதை வைத்து பேங்க் கணக்கு திறந்து, ஜி.எஸ்.டி. வாங்கியதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பார்கள். 1932-ம் வருடக் கூட்டாண்மைச் சட்டப்படி நிறுவனத்தை மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. ஆனால் பதிவு செய்யாத நிறுவனம், ஒப்பந்தப்படி தனக்கு வரவேண்டிய பணத்துக்காக வெளியார் மேல் சிவில் வழக்கு போட முடியாது. வெளியார் நம் மேல் போடலாம். கூட்டாளி கூட்டாளி மேல் ஒப்பந்தத்தைக் காட்டி வழக்கு போடவும் முடியாது. நிறுவனத்தைக் கலைத்துக் கணக்குக் கேட்க மட்டும் முடியும். கொஞ்சம் செலவையும் அலைச்சலையும் மிச்சம் பிடித்து, இருக்கிற ஒரே வாசலை அடைத்துக்கொள்கிறார்கள்.

டீடில் எழுதியிருக்கும் லாபப் பங்கு எதுவாக இருந்தாலும், வெளிக் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. 10 சதவீதப் பங்குக்காரரின் வீட்டையும் முழுக் கடனுக்காக ஜப்தி செய்யலாம். விலகுகிறவர்கள் சும்மா பேசிவிட்டு விலகக் கூடாது. பதிவாளருக்கும் தெரிவித்து, அரசிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்புப் போடாதவரை, பிறகு வாங்கும் கடனுக்கும் அவரைத் தேடி வருவார்கள். இரண்டே பேர் உள்ள கூட்டில் ஒருவர் இறந்தால் நிறுவனம் அன்றே கலைந்துவிடும். டீடில் என்ன எழுதியிருந்தாலும் ஒரு ஆள் கூட்டாளியாக இருக்க முடியாது அல்லவா. நடப்புக் கணக்கு, ஜி.எஸ்.டி. எல்லாம் துக்க வீட்டிலேயே சிக்கலாகி நிற்கும்.

தனி உரிமையாளருக்கோ பட்டறையும் அவரும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள்தான். எல்.எல்.பி.யோ (வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மை) பிரைவேட் லிமிடெடோ போட்டால் பொறுப்பு அளவோடு நிற்கும் என்பது உண்மை. ஆனால் கடன் வாங்கும்போது பேங்க் நம்மிடம் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்து வாங்கினால், அந்தக் கடனைப் பொறுத்தவரை வீடு அந்தப் பாதுகாப்பை விட்டு வெளியே வந்துவிடும்.

ஆட்கள் விஷயத்தில் கேட்பது பெரும்பாலும் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எத்தனை பேரிலிருந்து என்பதுதான். ஈ.எஸ்.ஐ. 10 பேரிலிருந்து, மாதச் சம்பளம் 21 ஆயிரம் வரை. பி.எஃப். 20 பேரிலிருந்து. ஆகவே ஒன்பது பேரோடு நிறுத்திக்கொள்கிறார்கள், ஒன்பது பேருக்குப் பொறுப்பே இல்லை என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். கட்டிங் மிஷினில் விரல் போனால் என்ன செய்வது என்று கேட்டால் அமைதியாகிவிடுவார்கள். வேலையில் விபத்து நடந்தால் முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்ற சட்டம் 1923-லிருந்தே இருக்கிறது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அது தொடர்கிறது. ஈ.எஸ்.ஐ.யில் சேர்த்திருந்தால் அந்தப் பொறுப்பை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். சேர்க்காத சின்ன யூனிட்டில் அது நேராக முதலாளியின் கைக்காசு. இதற்கென்றே இன்சூரன்ஸ் பாலிசி உண்டு. போட்டு வையுங்கள். விரல் போன பிள்ளைக்கும் நல்லது.

கடையில் வேலை செய்பவரை ஒரே நாளில் நிற்கச் சொல்லலாமா என்றும் கேட்பார்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, 41-வது பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நிறுத்த முடியாது. நோட்டீஸுக்குப் பதில் ஒரு மாதச் சம்பளம் தரலாம். திருடினார் என்று சொல்லி நிறுத்துவதானால் விசாரணை நடத்தி, சாட்சியைப் பதிவு செய்திருக்க வேண்டும்.

வாடகைக் கட்டடம் என்றால் ஒன்று மட்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாகக் காட்டி காலி செய்யச் சொல்ல அந்தச் சட்டம் இடம் தருகிறது. இருபது வருடமாக இருக்கிறோம், ஓனர் நல்லவர் என்பதெல்லாம் அவருடைய பிள்ளைகள் காலத்தில் உதவாது. மூன்று லட்சம் செலவு செய்து த்ரீ பேஸ் லைனும் பேனல் போர்டும் போடும் முன்பு இந்தத் தாளை முடித்துவிடுங்கள்.

அண்ணன் அன்று நோட்டீஸ் விடவில்லை. திங்கட்கிழமை இருவரும் உட்கார்ந்து 31 டி.சி.க்கும் பில்லைப் பொருத்தினோம். சீல் இல்லாத ஒன்பதில் ஆறுக்கு வாட்ஸ்அப்பில் சான்று கிடைத்தது. பாக்கிப் பட்டியல் மெயிலில் போனது. பத்து நாளில் இரண்டு லட்சம் வந்தது, மீதிக்கு ஒரு டெபிட் நோட்டும் வந்தது. மீதிக்குத்தான் கவுன்சிலில் மனு போட்டிருக்கிறார், இன்னும் நடக்கிறது.

போன வாரம் அவருடைய பட்டறைக்குப் போயிருந்தேன். புது டி.சி. புத்தகம் அச்சடித்து வந்திருந்தது. மேலே உத்யம் எண். கீழே, பெறுபவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதிக்கு என்று தனிக் கட்டம், கொஞ்சம் பெரிதாகவே. டெம்போ ஓட்டும் பையனிடம் அண்ணன் பேனாவைக் கொடுத்து, "வாட்ச்மேன்கிட்ட தேதி எழுதி வாங்காம வண்டிய எடுக்காதே கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.